பத்து மில்லி: ஒரு புதன்கிழமை மாலையின் நிகழ்வு ஆய்வு

அலுவலகத்தில் ஏதாவது கோளாறு நடந்தால் அதை அறிக்கையாக எழுதுவது என் வேலை. என்ன நடந்தது, எத்தனை மணிக்கு நடந்தது, யாருக்கு எது தெரிந்திருந்தது, யாருக்குத் தெரியாமல் போனது, இனி நடக்காமலிருக்க எதை மாற்ற வேண்டும் என்று வரிசையாக எழுத வேண்டும். பல வருடங்களாக எழுதுகிறேன். ஆனால் ஒரு புதன்கிழமை மாலை என் வீட்டுச் சமையலறையில் நடந்ததை அதே முறையில் எழுதி முடிக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. உட்காரும்போதெல்லாம் கை ஓடவில்லை.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எங்கள் வேலையில் இதை 'நூலிழையில் தப்பியது' என்ற வகையில் சேர்ப்போம். அடிபட்ட நிகழ்வுக்குக் கொடுக்கிற அதே கவனத்தை இதற்கும் கொடுக்க வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லித்தரப்படும் முதல் பாடம். தப்பித்ததற்குக் காரணம் ஏற்பாடா, அதிர்ஷ்டமா என்று பார்க்காமல் விட்டால் அடுத்த முறையும் அதிர்ஷ்டத்தைத்தான் நம்பியிருக்க வேண்டும்.

வீட்டு நிலவரம்

நாங்கள் நான்கு பேர். நானும் மனைவியும் முழுநேர வேலை பார்க்கிறோம். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 4. மனைவியின் வேலை அதிகாலையில் தொடங்கி மூன்று மணிக்கு முடிந்துவிடும். அதனால் காலைப் பொழுது என் பொறுப்பு: இரண்டு பேரையும் எழுப்பி, கிளப்பி, மகனைப் பள்ளியிலும் மகளைக் குழந்தைகள் காப்பகத்திலும் விடுவது. மாலை அவளுடையது. கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரப் பெரியவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை.

பாத்திரம் துலக்குவது நான். துணி காயப்போட்டு மடிப்பது நான். மகனுக்குக் கணக்குச் சொல்லித்தருவதும் நான்தான். யாராவது கேட்டால், "நாங்க ரெண்டு பேரும் சமமாத்தான் பார்த்துக்கறோம்" என்று தயங்காமல் சொல்லியிருப்பேன். மணிக்கணக்கில் பார்த்தால் அது பொய்யும் இல்லை.

அந்தப் புதன்கிழமை மனைவிக்குப் பதவி உயர்வுத் தேர்வு. காலை 9 முதல் மாலை 5.30 வரை. போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். நான்கு மாதமாகப் பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்கார்ந்து படித்திருந்தாள். அன்று நான் மூன்று மணிக்கே கிளம்பி வந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

நடந்தது

முந்தைய இரவு பத்து மணி வாக்கில், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே மனைவி சொன்னாள்: "பாப்பா இன்னிக்குச் சரியாவே சாப்பிடலங்க. தொட்டுப் பார்த்தா லேசா சூடா இருக்கற மாதிரி இருக்கு. நாளைக்கு ஒரு கண்ணு வெச்சுக்கோங்க." நான் "சரி" என்றேன். அந்த "சரி" என் காதைத் தாண்டி உள்ளே போகவில்லை. அன்றிரவு மகள் இரண்டு முறை எழுந்து சிணுங்கினாள். இரண்டு முறையும் எழுந்தது மறுநாள் தேர்வு எழுதப் போகிறவள்தான். நான் தூங்கிக்கொண்டிருந்தேன். இந்த அறிக்கைக்காகக் கேட்டபோதுதான் அதுவே எனக்குத் தெரியும்.

காலை 8.10. காப்பக வாசலில் மகள் என் கழுத்தை விடவில்லை. வழக்கமாக உள்ளே ஓடுகிற பிள்ளை. அம்மா இல்லாததால் இப்படி இருக்கிறாள் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். ஒன்பது மணிக்கு மீட்டிங். பின்கழுத்தில் கோத்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தேன். விரல்கள் சூடாக இருந்தன. இப்போது அது நினைவிருக்கிறது என்றால் அப்போதும் உணர்ந்திருக்கிறேன் என்றுதான் அர்த்தம்.

மதியம் 1.20-க்குக் காப்பகத்தில் காய்ச்சல் பார்த்திருக்கிறார்கள். 38.6 டிகிரி செல்சியஸ். மனைவிக்கு மூன்று முறை அழைத்திருக்கிறார்கள், போன் அணைந்திருந்தது. எனக்கு 1.30-க்கு ஒரு முறை, 1.50-க்கு ஒரு முறை. என் போன் மீட்டிங்குக்காக ஒலியடக்கப்பட்டு மேசையில் கவிழ்ந்து கிடந்தது. நடுவில் 1.45-க்கு, மனைவி எப்போதோ எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்த அனுமதிப்படி, அவள் கொடுத்து வைத்திருந்த சின்ன பாட்டிலிலிருந்து 10 மில்லி பாராசிட்டமால் சிரப் கொடுத்து, டைரியில் எழுதியிருக்கிறார்கள்.

2.10-க்கு நான் போனைப் பார்த்துத் திருப்பி அழைத்தேன். "இப்ப எப்படி இருக்கா?" என்று கேட்டது நினைவிருக்கிறது. மருந்து கொடுத்ததைச் சொன்னார்களா என்பது நினைவில் இல்லை. பிறகு அந்த மிஸ்ஸிடம் கேட்டேன். "சொன்னேனே சார், டைம்கூடச் சொன்னேன்" என்றார். அவர் சொல்வதை நம்புகிறேன். அந்த நேரம் என் இன்னொரு காதில் மீட்டிங் ஓடிக்கொண்டிருந்தது.

2.55-க்கு மகளைத் தூக்கிக்கொண்டேன். 3.25-க்கு வீடு. 3.40-க்கு மகன் வந்தான். நாலு மணிக்குத் தெர்மாமீட்டர் வைத்தேன்: 38.4.

4.05. சமையலறை. மகள் அலமாரியில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். வாய் பாதி திறந்திருந்தது. மருந்துப் பெட்டியில் பாராசிட்டமால் என்று எழுதிய பாட்டிலை எடுத்தேன். எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். சில மாதங்களுக்கு முன் ஒரு ராத்திரி மனைவி என்னிடம் அளவு மூடியை நீட்டி, "பத்து மில்லி, கொஞ்சம் பிடிங்க" என்றிருந்தாள். அந்த எண் மனதில் ஒட்டிக்கொண்டது. எந்த பாட்டில் என்பது ஒட்டவில்லை.

மூடியில் பத்தாவது கோடுவரை ஊற்றினேன். அந்த நேரம் பார்த்து, இயர்போனில் இன்னும் ஓடிக்கொண்டிருந்த அலுவலக மீட்டிங்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஒரு கையில் மூடியைப் பிடித்தபடியே இன்னொரு கையால் போனைத் திறந்து, கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன்.

"அப்பா, அது என்னோடது."

மகன் கதவருகே நின்றிருந்தான். "கொஞ்சம் சும்மா இருடா, அப்பா போன்ல இருக்கேன்ல" என்றேன். குரலில் எரிச்சல் இருந்தது. ஓர் அடி பின்னால் போனான். போனவன் அங்கிருந்தே மறுபடி சொன்னான்: "பாப்பாவுக்கு அம்மா சின்ன பாட்டில்தான்ப்பா தருவாங்க. பெருசு எனக்கு."

அப்போதுதான் பாட்டிலைத் திருப்பிப் படித்தேன்.

சின்ன பாட்டில் எங்கே என்று தெரியவில்லை. காப்பகப் பையைக் கொட்டினேன். மாற்றுத்துணிக்கு அடியில் அது இருந்தது, பக்கத்திலேயே டைரி. அன்றைய பக்கத்தில் ஒரே வரி: 1.45, 10 மில்லி, 38.6. கால் தளர்ந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

இயர்போனைக் கழற்றிய பிறகு செய்த முதல் காரியம், லேபிளில் இருந்த அட்டவணையைப் படித்தது. அது எடையைக் கேட்டது. என் மகளின் எடை எனக்குத் தெரியாது. எடை பார்க்கும் மெஷினை இழுத்துப் போட்டு ஏறினேன்: 78.4. இறங்கி, அவளைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஏறினேன்: 94.6. தலையை என் தோளில் போட்டிருந்தவள் கேட்டாள், "நான் எவ்ளோப்பா இருக்கேன்?"

"பதினாறு."

"அது நெறையவா?"

"நெறைய" என்றேன்.

மருந்தின் கணக்கு

பதற்றத்தில் நினைப்பது வேறு, கணக்குப் போட்டுப் பார்ப்பது வேறு. அதனால் எண்களோடு எழுதுகிறேன்.

குழந்தைகளுக்குப் பாராசிட்டமால் அளவு எடையை வைத்துத்தான்: கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், இரண்டு தடவைக்கு நடுவில் குறைந்தது 4 மணி நேரம், 24 மணி நேரத்தில் 4 தடவைக்கு மேல் போகக்கூடாது. 16.2 கிலோவுக்கு ஒரு தடவைக்கு 162 முதல் 243 மில்லிகிராம் வரை. சின்ன பாட்டிலில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் மருந்து. பத்து மில்லியில் 240. சரியான அளவு. பெரிய பாட்டிலில் 5 மில்லிக்கு 250 மில்லிகிராம். அதே பத்து மில்லியில் 500. கிலோவுக்குக் கிட்டத்தட்ட 31, அதாவது உச்ச அளவைப் போல இருமடங்கு. அதையும் நான் கொடுக்க இருந்தது முந்தைய மருந்து உள்ளே போய் 2 மணி 20 நிமிடத்தில்.

ஒரே ஒரு முறை இப்படிக் கூடிப்போவது பொதுவாகக் கல்லீரலைக் கெடுக்கும் அளவு கிடையாது. ஆனால் நான் அதோடு நிறுத்தியிருக்க மாட்டேன். இரவு எட்டரைக்கு ஒன்று, நள்ளிரவு தாண்டி ஒன்று என்று அதே பாட்டில், அதே பத்து மில்லி போயிருக்கும். காப்பகத்தில் கொடுத்ததையும் சேர்த்து நான்கையும் கூட்டினால் கிலோவுக்கு 107 மில்லிகிராமுக்கு மேல். ஒரு முழு நாளுக்கான உச்சவரம்பு 60. சரியாகச் சாப்பிடாத, சோர்ந்த குழந்தைக்கு அளவு மீறிய பாராசிட்டமால் தடவை தடவையாகச் சேர்வதுதான் மருத்துவர்கள் அஞ்சுகிற நிலை.

இரண்டு பாட்டிலுமே ஒரே நிறச் சிரப். லேபிளில் மருந்தின் பெயர் பெரிய எழுத்தில், செறிவு (5 மில்லியில் எத்தனை மில்லிகிராம் மருந்து என்பது) சின்ன எழுத்தில். வீட்டில் வெவ்வேறு வயதில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் இரண்டு செறிவும் சேர்ந்துவிடும். இதைப் படிக்கிறவர்கள் ஒருமுறை மருந்துப் பெட்டியைத் திறந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அளவு பற்றிச் சந்தேகம் வந்தால், கொடுப்பதற்கு முன்பே மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேட்டுவிடுங்கள்.

துளைகள் நேர்கோட்டில் வந்தது

பிரிட்டிஷ் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் விபத்துகளை விளக்கச் சொன்ன ஒப்பீடு எங்கள் துறையில் அன்றாடம் பேசப்படுவது. ஒவ்வொரு பாதுகாப்பும் ஓட்டை உள்ள சீஸ் துண்டு மாதிரி. ஒன்றில் ஓட்டை இருந்தால் அடுத்தது தடுத்துவிடும். எல்லா ஓட்டைகளும் ஒரே நேர்கோட்டில் வரும் நாளில்தான் ஆபத்து நேராக உள்ளே வருகிறது.

எங்கள் வீட்டு ஓட்டைகளைப் பார்த்தேன். முந்தைய இரவு சொன்னது என்னிடம் தங்கவில்லை. அவசர அழைப்பு வரிசையில் முதல் எண் எப்போதும் மனைவியுடையது, அது அன்று அணைந்திருக்கும் என்று காப்பகத்துக்கு யாரும் சொல்லவில்லை. என் போன் கவிழ்ந்து கிடந்தது. டைரியை நான் ஒரு நாளும் திறந்ததில்லை, மாலையில் அவள்தான் படிப்பாள். பெட்டியில் பாட்டில்கள்மேல் யாருடையது என்று எழுதவில்லை. மகளின் எடை எங்கும் எழுதி வைக்கப்படவில்லை.

இந்தப் பட்டியலை எழுதி முடித்ததும் எனக்கு உறைத்தது இதுதான்: மனைவி வீட்டில் இருந்திருந்தால் இதில் ஒன்றுகூட ஓட்டையாகவே இருந்திருக்காது. டைரியில் இருப்பது அவளுக்குத் தெரியும். எந்த பாட்டில் என்பது தெரியும். எடை தெரியும். எங்கள் வீட்டின் எல்லாப் பாதுகாப்பும் ஒரே துண்டு. அந்தத் துண்டு அவள் தலைக்குள் இருந்தது. அன்று அதைத் தேர்வு அறைக்குள் எடுத்துக்கொண்டு போயிருந்தாள்.

தலைக்குள் இருந்த வேலை

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் வெளியிட்ட அறிக்கையில், 64 நாடுகளின் நேரக் கணக்கை வைத்து ஒரு செய்தி உண்டு. சம்பளமில்லாத வீட்டு, பராமரிப்பு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 4 மணி 25 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 1 மணி 23 நிமிடம். நான் இதைப் படித்தபோது, நம் வீடு அப்படி இல்லையே என்றுதான் தோன்றியது. பாத்திரமும் துணியும் கணக்குப் பாடமும் என் பக்கம் இருந்தன.

ஆனால் கடிகாரத்தில் அகப்படாத வேலை ஒன்று இருக்கிறது. சமூகவியலாளர் அலிசன் டாமிங்கர் 2019-இல் 35 தம்பதிகளிடம் பேசி எழுதிய ஆய்வு அதை நான்காகப் பிரிக்கிறது. வரப்போகும் தேவையை முன்கூட்டியே உணர்வது, என்னென்ன வழி உண்டு என்று தேடுவது, எதைச் செய்வது என்று முடிவெடுப்பது, அது ஒழுங்காக நடக்கிறதா என்று கண்காணித்துக்கொண்டே இருப்பது. முடிவெடுப்பதில் கணவர்களும் கலந்துகொள்கிறார்கள். முதலும் கடைசியும், அதாவது முன்னுணர்வதும் கண்காணிப்பதும், பெரும்பாலும் மனைவிமார் மேல்தான் விழுகின்றன.

என் மகளின் காய்ச்சலை இந்த நான்கில் பொருத்திப் பார்த்தேன். முந்தைய இரவே சூட்டை உணர்ந்தது அவள். மாதங்களுக்கு முன்பே அனுமதிக் கடிதம் எழுதி, சின்ன பாட்டிலைக் காப்பகத்தில் கொடுத்து வைத்தது அவள். "நாளைக்கு ஒரு கண்ணு வெச்சுக்கோங்க" என்று சொன்னதும் அவள்தான். அதுவும் கண்காணிப்பில் சேர்த்தி, என்னைக் கண்காணிப்பதையும் சேர்த்து. நான் செய்தது மூடியைப் பிடித்தது.

அன்று மாலை 5.50-க்கு அவள் போன் வந்தது. நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். நான் இரண்டாவது வாக்கியத்துக்குப் போவதற்குள் கேட்டாள்: "காப்பகத்துல எத்தனை மணிக்குக் கொடுத்தாங்க?" எட்டரை மணி நேரம் தேர்வு எழுதிவிட்டு வெளியே வந்து, தெருவில் நின்றுகொண்டு, சரியாக அந்த ஒரு கேள்வி. நான் 2.10-க்குக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அவளுக்கு அது யோசித்து வரவில்லை, தானாக வந்தது. அவள் தேர்வு எப்படி எழுதினாள் என்று நான் கேட்டது இரவு ஒன்பதரைக்குத்தான்.

ஒரு காதில் அலுவலகம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் காட்டியது: ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவினால், மனதின் ஒரு பகுதி பழையதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், புதிய வேலை அதனால் கெடும். நான் தாவக்கூட இல்லை. இரண்டிலும் ஒரே நேரம் நின்றேன். விடுப்பு கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். "லைன்லயே இருக்கேன், கேட்டுக்கிட்டே போறேன்" என்று சொன்னது நான்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லி வேலையிலிருந்து எழுந்து போவது ஆணுக்குப் பழக்கமில்லாத வாக்கியமாக இருந்தது. குடும்பப் பொறுப்புள்ள தொழிலாளர்களுக்கான சர்வதேச ஒப்பந்தம் 1981-இல் வந்தது. அதோடு வந்த பரிந்துரை, பிள்ளை நோயுற்றால் விடுப்பு கிடைக்க வழி இருக்க வேண்டும் என்கிறது, தாய் தந்தை இருவருக்கும். நான் கேட்கவே இல்லை.

சின்னப் பிள்ளைகளுக்கு வருடத்தில் ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. காப்பகம் போகிற பிள்ளைக்கு இன்னும் கூடுதலாகவே வரும். அப்படியென்றால் அந்தப் புதன்கிழமை எதிர்பாராத நாள் என்று எப்படிச் சொல்ல முடியும்? வருடத்துக்கு ஆறேழு முறை வருகிற நாள். ஒவ்வொரு முறையும் வேறு ஒருத்தி தாங்கிக்கொண்டதால் எனக்கு அது தெரியாமல் இருந்தது.

மகன் இரண்டாவது முறை சொன்னது

இந்த நிகழ்வில் என்னை அதிகம் உலுக்கியது மருந்து இல்லை. "சும்மா இருடா" என்ற என் சொல்.

1977 மார்ச் 27 அன்று டெனெரீஃப் விமான நிலைய ஓடுபாதையில் இரண்டு பெரிய விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். ஓடத் தொடங்கிய விமானத்தில் இருந்த பொறியாளர், இன்னொரு விமானம் பாதையை விட்டு விலகிவிட்டதா என்று சந்தேகம் கேட்டார். அனுபவமிக்க விமானி, விலகிவிட்டது என்று அடித்துச் சொன்னார். பொறியாளர் மறுபடி வலியுறுத்தவில்லை. அதற்குப் பிறகுதான் விமானத் துறை, கீழே இருப்பவர் சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்லவும் மேலே இருப்பவர் அதைக் காதுகொடுத்துக் கேட்கவும் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது. இதை நான் அலுவலகப் பயிற்சி வகுப்பில் எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

ஒன்பது வயதுப் பிள்ளை, அப்பா எரிந்து விழுந்த பிறகும், ஓர் அடி தள்ளி நின்று இரண்டாவது முறை சொன்னான். தங்கைக்காகச் சொன்னான். நாங்கள் தப்பித்தது ஏற்பாட்டாலா அதிர்ஷ்டத்தாலா என்ற கேள்விக்குப் பதில் அந்த இரண்டாவது வாக்கியம்தான். அது ஏற்பாடு இல்லை, அவன் குணம். ஒரு குழந்தையின் குணத்தை வீட்டின் பாதுகாப்பாக வைத்துக்கொள்ள எனக்கு உரிமை கிடையாது.

இரவு அவன் படுக்கையில் உட்கார்ந்து சொன்னேன்: "நீ சொன்னதுதான் சரி. அப்பா கோபமா பேசினது தப்பு. இனிமே மருந்து விஷயத்துல நீ எப்ப வேணும்னாலும் அப்பாவை நிறுத்தலாம்." கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பாப்பாவுக்கு இப்ப எவ்ளோ காய்ச்சல்?" என்றான். 37.8 என்றேன். திரும்பிப் படுத்துக்கொண்டான். குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் இடையிலான முகப்பேச்சை வருடக்கணக்கில் படம் பிடித்துப் பார்த்த உளவியலாளர் எட்வர்ட் ட்ரானிக், நல்ல உறவிலும் பாதிக்கு மேல் நேரம் இருவரும் ஒத்துப்போகாமல்தான் இருக்கிறார்கள், பிசகியதைத் திரும்பச் சரிசெய்வதில்தான் பிணைப்பு வளர்கிறது என்கிறார். அன்றிரவு அதை நம்ப வேண்டிய நிலையில் இருந்தேன்.

மாற்றியது

காய்ச்சல் இரண்டு நாளில் இறங்கிவிட்டது. மூன்றாம் நாள் நானும் மனைவியும் உட்கார்ந்தோம். "இனிமே நானும் பார்த்துக்கறேன்" என்று ஆரம்பித்தேன். அவள் உடனே மறுத்தாள். "'நானும்' வேண்டாங்க. நீங்களும் பார்த்து நானும் பார்த்தா, கடைசியில நான்தான் உங்களுக்கு ஞாபகப்படுத்திக்கிட்டே இருக்கணும். எதையாவது ஒண்ணை முழுசா எடுத்துக்கோங்க. நான் மறந்துடற மாதிரி எடுத்துக்கோங்க."

அப்படித்தான் பிள்ளைகளின் உடல்நலம் முழுவதும் என் பொறுப்புக்கு வந்தது. தும்மல் கேட்பதிலிருந்து தடுப்பூசித் தேதிவரை, மருந்து தீருவதற்குமுன் வாங்கி வைப்பதுவரை. அவள் பள்ளிக்கூட விஷயங்களை வைத்துக்கொண்டாள். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள்: இரண்டு பேரின் எடை, எடை பார்த்த தேதி, எந்த பாட்டிலில் யாருக்கு எத்தனை மில்லி. அதன் கீழே கடைசியாகக் கொடுத்த நேரம் எழுத வெற்றுக் கோடுகள். பாட்டில்கள்மேல் மார்க்கரில் 'அண்ணா', 'பாப்பா'. மாதத்தின் முதல் ஞாயிறு எடை பார்ப்பது. காப்பகத்தில் முதல் எண் என்னுடையது, போன் ஒலியடங்கி இருந்தாலும் காப்பகத்தின் எண்ணிலிருந்து வந்தால் மட்டும் மணி அடிக்கும்படி வைத்தேன். மேலாளரிடம் போய், பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் இனி நான் லைனில் இருக்க மாட்டேன், போய்விட்டு வருவேன் என்றேன். அவர் "சரி" என்றார். இவ்வளவு சுலபமான ஒன்றுக்கா இத்தனை வருடம் தயங்கினேன் என்று வெட்கமாக இருந்தது.

ஐந்து மாதம்

நேராக ஏறவில்லை. முதல் மாதம் மகனுக்கு இருமல் வந்தபோது எனக்கு முன்னால் அவள் கேட்டுவிட்டாள். "இருமறான்" என்று சொல்ல வாயெடுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்ததைத் தொடர்ந்தாள். நான் கவனிக்க இன்னும் ஒரு நாள் ஆனது. அந்த ஒரு நாள் அவளுக்கு எவ்வளவு கனத்தது என்று பிறகு சொன்னாள். பல வருடம் சுமந்ததை இறக்கி வைப்பதும் ஒரு வேலைதான், அதையும் அவள்தான் செய்ய வேண்டியிருந்தது.

இரண்டாம் மாதம் ஒரு தடுப்பூசித் தேதியை ஒன்பது நாள் தவறவிட்டேன். பிறகு போட்டாயிற்று, ஆனாலும் அன்று இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் மாதம் மகளுக்கு மறுபடி காய்ச்சல். காப்பகத்தின் அழைப்பு மீட்டிங் நடுவே மணியடித்து வந்தது. எழுந்தேன். "மருந்து கொடுத்தீங்களா, எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன். அன்று மனைவிக்கு நான் அனுப்பியது ஒரே ஒரு செய்தி: "காய்ச்சல், 38.3, கூட்டிட்டு வந்துட்டேன், தூங்கறா." அவள் "சரிங்க" என்று மட்டும் பதில் போட்டாள். வேறெதுவும் கேட்கவில்லை.

தேர்வில் தேறிவிட்டாள். புதிய பொறுப்பில் மாதத்தில் நான்கைந்து நாள் வெளியூர் போக வேண்டியிருக்கிறது. அதனால் இரவுகள் சில நேரம் நீளமாகின்றன. போன வாரம் அவள் இல்லாத ஓர் இரவு, ஒன்றரை மணிக்கு மகள் விழித்துக்கொண்டு கூப்பிட்டாள். பாதித் தூக்கத்தில் எந்தப் பிள்ளையும் பழகிய பெயரைத்தான் கூப்பிடும். "அப்பா" என்று கூப்பிட்டாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை, தண்ணீர்தான் கேட்டாள்.

தீராதவை சில இருக்கின்றன. தனியாக நின்று பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு, பகிர்ந்துகொள்ள இன்னொரு தலை இல்லை. அவர்களுக்கு அந்தத் தாள் இன்னும் அவசியம் என்பதைத் தவிர என்னிடம் வழி எதுவும் இல்லை. இப்போது மகளுக்கு நான் மருந்து கொடுக்கும்போதெல்லாம் மகன் பக்கத்தில் வந்து நின்று பாட்டிலைப் படிக்கிறான். அது அக்கறையா, அன்றைய பயம் இன்னும் போகவில்லையா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவனிடம் கேட்க வேண்டும்.

இந்த மாத முதல் ஞாயிறு மகள் தானாகவே மெஷினில் ஏறி நின்றாள். 17.1. தாளில் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதியதை எழுதினேன். எழுதி முடிக்கும்வரை இறங்காமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.